வரிசை

ஆகஸ்டிலேயே முடித்திருக்க வேண்டிய கவாத்து.
கடைசிப் பெட்டி குளிர்கிடங்குக்குப் போனதும்
காய்த்து ஓய்ந்த தண்டுகளை
அடியோடு வெட்டிவிட வேண்டும்.
அந்த வருஷம் முதலில் வைக்கோல், பிறகு பிளம்ஸ்,
பிறகு மழை,
பிறகு கிடங்குக்காரன் விலை சொல்லாமல் இழுத்தடித்த கோபம்.
பிப்ரவரி வந்துவிட்டது.

ராஸ்பெர்ரியின் கணக்கு எளிது.
ஒரு வருஷம் வளரும்.
மறுவருஷம் காய்க்கும்.
காய்த்தது செத்துப்போகும், ஆனால் நின்றபடியே.
அதன் தோளை உரசிக்கொண்டு
இந்த வருஷம் காய்க்க வேண்டியது நிற்கும்.
செத்தது சாம்பல் நிறம்.
உயிருள்ளது செம்பழுப்பு.
கத்தரி எடுத்தவருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

திஹோமிர் விடிவதற்குள் போய்விட்டான்.
தளர்ந்த கம்பிகளை முறுக்கிவிட்டு
பத்து மணிக்குக் காப்பியோடு மேடேறினேன்.
கீழே அரிலியே மூடுபனிக்குள் கிடந்தது,
தேவாலயத்தின் சிலுவை மட்டும் வெளியே.
மூன்று வரிசை முடித்திருந்தான்.
பழுதில்லாத வேலை,
எல்லா வெட்டும் மண்ணோடு மண்ணாக.
குவியலைப் பார்த்தேன்.
செம்பழுப்பு.
வெட்டுவாயில் பச்சை, ஈரம்.
கம்பியில் கட்டுண்டு நின்றதெல்லாம் சாம்பல்.

குடித்திருக்கிறாயா என்று கத்தினேன்.
எதிர்மேட்டில் தோப்ரிவோயே
கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
வரிசைக்கு இருநூறு கிலோ,
மூன்றுக்கு அறுநூறு என்று
ஊருக்கே கேட்கக் கணக்குச் சொன்னேன்.
அவன் குனிந்து
குவியலிலிருந்து ஒன்று,
கம்பியிலிருந்து ஒன்று உருவி
இரண்டையும் மூக்கு நுனிவரை கொண்டுபோனான்.
"எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது, விதோசாவா."
எப்போதிலிருந்து?
"செர்ரி பழுத்ததிலிருந்து."

செர்ரி பழுத்தது ஜூனில்.
ஜூலை முழுக்க அரைப்பழமாகப் பறித்தான்,
அவசரம் என்று திட்டினேன்.
சந்தைக்குப் போகும்போது வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தான்,
அன்பு என்று நினைத்தேன்.

உஷிட்சே மருத்துவமனையில்
கண்புரை, இரண்டிலும், என்றார்கள்.
வரிசையில் பெயர் எழுதினார்கள். நவம்பர்.
வரிசை என்ற சொல் கேட்டதும்
அவன் என்னைப் பார்க்காமல் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை, அப்போது.

ஏப்ரலில் மற்ற வரிசைகளின் முதல் குருத்தைக் கிள்ளி எறிந்தேன்.
அந்த மூன்றில் கைவைக்கவில்லை.
பூ வந்த வாரம் தேனீக்கள்
அவற்றைத் தாண்டிப் பறந்தன,
பூட்டிய கடையைத் தாண்டுவதுபோல.
ஜூலையில் பறிப்பதற்கு அங்கே எதுவுமில்லை.
ஊட்ட வேண்டிய பழம் இல்லாததால்
புதுத் தண்டுகள் மேல்கம்பியையும் மிஞ்சி
என் கைக்கெட்டாத உயரம் போயின, விரல் தடிமனில்.
இதை ஆறுதல் என்று யாராவது சொன்னால்
அந்த அறுநூறு கிலோவை அவர்கள் வீட்டு வாசலில்தான் கேட்பேன்.

இந்த ஆகஸ்ட் தள்ளிப்போடவில்லை.
அவன் கையுறையைக் கழற்றி வேலியில் மாட்டினான்.
ஒவ்வொரு தண்டையும் கட்டைவிரலால் கீழிருந்து தடவினான்.
தோல் உரிந்து வந்தால் செத்தது.
வழுவழுப்பாய், வெயிலிலும் சற்றே குளிர்ந்து இருந்தால்
விட்டுவிட்டு அடுத்தது.
கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள்.
இவன் கை
கண்ணிடம் கேட்கவே இல்லை.
ஒரு வரிசைக்கு ஒரு நாள் பிடித்தது.
ராத்திரி விளக்கடியில்
ஊசியால் முள்ளெடுத்தேன்.
தூங்கிவிட்டதுபோல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை.
ஒன்பது வரிசையின் குவியல்களையும்
கடைசி நாள் மாலையில்
அவனுக்குத் தெரியாமல் புரட்டிப் பார்த்தேன்.
வெட்டியிருக்கக் கூடாதது ஒன்றே ஒன்று,
இலை இன்னும் வாடாத பச்சைத் தண்டு.
அது என் வரிசை.